மூணு எழுத்துக்கு ஒரு ம்

பதினொண்ணாம் நம்பர் பையன் மைக்குக்கிட்ட போயிட்டான். அவனுக்கு அடுத்தது பத்தொன்பது, அதுக்கடுத்தது இருபத்தேழு, எம்மக இலக்கியா. நடுவுல ரெண்டு பேரு. ரெண்டு பேருன்னா அஞ்சு நிமிஷம் இருக்குமா, ஆறு நிமிஷம் இருக்குமா. மேடையில ஆறு நாற்காலி, ஆறு பிள்ளைங்க. காலையில இந்த இங்கிலீஷ் ஸ்பெல்லிங் போட்டிக்கு எம்பது பிள்ளைங்க வந்தாங்க, மிச்சம் எல்லாரையும் அந்த மணி தின்னுட்டுது. ஓட்டல் கல்லாவுல வச்சிருப்பாங்களே, கையால தட்டுற மணி, அதேதான். தப்பு எழுத்து சொன்னா அந்தப் பச்சைச் சேலை மேடம் ஒரே விரலால தட்டுறா, டிங். பட்டுன்னு நெனச்சுக் கட்டியிருக்கா போல, யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க, இங்க பத்தாவது வரிசையிலருந்தே தெரியுது, மடிப்பு விழுற விதமே சொல்லுது, சுத்தமான ஆர்ட் சில்க். பதினாறு வருஷம் கடையில சேலை விரிச்சுக் காட்டுனவ கண்ணு, சும்மா இருக்க மாட்டேங்குது. இந்த நேரத்துல எதுக்கு உனக்குச் சேலை, செண்பகம், மகளைப் பாரு. நாலாவது நாற்காலியில கால் ரெண்டையும் பின்னிக்கிட்டு உக்காந்திருக்கா. வலது கை விரலால இடது உள்ளங்கையில என்னமோ எழுதிக்கிட்டே இருக்கா. அந்தப் பையனுக்குக் குடுத்த வார்த்தையா இருக்கும். அடுத்தவன் வார்த்தையை எதுக்குட்டி எழுதுற, உன் வார்த்தைக்கு மூளையை மிச்சம் வையி. இடது சடை அவுந்திருக்கு. காலையில ரப்பர் பேண்டு போடும்போதே சொன்னேன், இறுக்கிப் போடுறேன்டின்னு, வலிக்குதுன்னா. கேட்டிருக்கவே கூடாது, இறுக்கிப் போட்டிருக்கணும்.

தொண்டை வறளுது. தண்ணி குடிக்கணும், ஆனா குடிச்சா இருமல் வரும், இருமினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. இருமினாக்கூடச் சைகைன்னு சொல்லிருவாங்களோ என்னமோ. காலையில ஒருத்தர் விதியெல்லாம் வாசிச்சார், முதல்ல இங்கிலீஷ்ல, அப்புறம் என்னைய மாதிரி ஆளுங்களுக்காகத் தமிழ்ல. பிள்ளைங்க வார்த்தையைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம், அர்த்தம் கேக்கலாம், ஆனா ஒரு எழுத்து வாயிலருந்து வந்துட்டா வந்ததுதான், மாத்த முடியாது. முதல் மூணு இடம் வர்றவங்க டெல்லிக்குப் போவாங்க. பெத்தவங்க யாரும் கையக் காட்டக்கூடாது, வாயசைக்கக்கூடாது, ஒரு சின்னச் சத்தம் குடுத்தாலும் பிள்ளையைப் போட்டியிலருந்து எடுத்துருவோம்னார். கேக்கும்போது எனக்கு ஒண்ணும் தோணல. நாம எதுக்குச் சத்தம் குடுக்கப் போறோம்னு காலை நீட்டி உக்காந்துட்டேன். அப்புறம் முதல் சுத்துல இவ மைக்கு முன்னால வந்து நின்னா. மூணு எழுத்தைச் சொன்னா. நிறுத்தினா. தலையை இடது பக்கம் லேசாச் சாய்ச்சா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அடிப்பாவி, இவ என் ம்முக்குக் காத்திருக்கா.

ஆறு மாசமா நான் பண்ணி வச்ச காரியம் இது. பிள்ளைக்கு இங்கிலீஷ் வார்த்தை வாசிச்சுக் காட்ட வீட்டுல வேற யாரு இருக்கா. இவ அப்பா விடியக் காலம்பற வண்டியை எடுத்துட்டுப் போயிருவாக, பால் ஏத்தி எறக்கிட்டு வீடு திரும்ப மத்தியானம் ஆயிரும். எனக்கு எட்டரைக்குக் கடைக்குக் கெளம்பணும். நடுவுல ஆறு மணியிலருந்து ஏழரை வரைக்கும் நானும் இவளும் கிரைண்டரும். எனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும். பத்தாவதுல முப்பத்தஞ்சு எடுத்தா பாசு, நான் எடுத்தது முப்பத்தாறு. அந்த ஒரு மார்க்கு எப்படி வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. போன்ல வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, ஒரு நீள நோட்டுல இங்கிலீஷ் எழுத்தை எழுதி, பக்கத்துல அதை எப்படிச் சொல்லணும்னு தமிழ்ல எழுதிக் குடுத்தா. நான் தமிழைப் பாத்து வாசிப்பேன், இவ எழுத்து எழுத்தாச் சொல்லுவா, நான் விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தாச் சரிபாப்பேன். விரல் மாவுக் கையோட இருக்கும். இவ கடகடன்னு சொல்லிட்டுப் போவா, எனக்கு எங்க அந்த வேகம். நில்லுட்டி, நில்லுட்டின்னு கத்துவேன். அப்புறம் கத்துறதுக்குப் பதிலா, மூணு எழுத்து, ம், மூணு எழுத்து, ம், அப்படின்னு வச்சுக்கிட்டோம். ம்முன்னா நான் வந்து சேந்துட்டேன், நீ மேல போன்னு அர்த்தம். எனக்காக வச்ச ம்முதான் அது, அவளுக்காக இல்ல. கிரைண்டர் சத்தத்துல காதுல விழாதுன்னு தலையைச் சாய்ச்சுக் கேப்பா. தப்பா ஒரு எழுத்து வந்துட்டா நான் ம் போட மாட்டேன், சும்மா இருப்பேன். ரெண்டு நிமிஷம் காத்திருந்துட்டு, தப்பான்னு கேப்பா. நான் ம்முன்னுவேன். அப்ப முதல்லருந்து சொல்றேன்னு முதல் எழுத்துலருந்து திருப்பி ஆரம்பிப்பா. ஆறு மாசத்துல ஒரு தடவைகூட நான் தப்பான எழுத்துக்கு ம் சொன்னதில்ல. அது மட்டும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவேன். கடையில ஆயிரம் பொய் சொல்லியிருக்கேன், இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்குக்கா, சாயம் போகவே போகாதுக்கா, நானே ரெண்டு எடுத்துருக்கேன்க்கான்னு. அந்த நோட்டுக்கு முன்னால ஒரு பொய்கூடச் சொன்னதில்ல.

பதினொண்ணு தப்பிச்சுட்டான். மணி அடிக்கல. எல்லாரும் கை தட்டுறாங்க, நானும் தட்டுறேன், தட்டாட்டி என்ன நெனப்பாங்க. நான் தட்டுனது அந்தப் பையனுக்கா, பாக்குறவங்களுக்கா, அந்தப் பையனோட அம்மா யாருன்னுகூடத் தெரியாது. பக்கத்து நாற்காலிக்காரம்மா என் பக்கம் சாயுறாங்க. பத்தொன்பதாம் நம்பர் பிள்ளையோட அம்மா, திருச்சிக்காரங்க, காலையிலருந்தே பேச்சுக் குடுத்துக்கிட்டு இருக்காங்க.

"அடுத்து எம்பொண்ணுதாங்க. எனக்குக் கையெல்லாம் வேர்க்குது. உங்களுக்கு?"

"ஆமாங்க."

"உங்க குரல் என்னங்க, காலையிலருந்து பாக்குறேன், இப்படிக் கம்மிப் போயிருக்கு. மிட்டாய் ஒண்ணு தரட்டா, தொண்டைக்கு நல்லது."

"சளிங்க. குடுங்க."

வாங்கி வாயில போட்டுக்கிட்டேன். மனுஷி நல்ல மனசோட குடுக்குறா, வேண்டாம்னா வருத்தப்படுவா. சளின்னுதான் நானும் நெனச்சேன். ஆடித் தள்ளுபடியில பத்து நாளு தொண்டை கிழியக் கத்துனோம், வாங்கக்கா, உள்ள வாங்கக்கா, ஒண்ணு எடுத்தா ஒண்ணு. அதுக்கப்புறம் குரல் கட்டிக்கிச்சு. எங்க கடையில குரல் கட்டாதவ யாரு. மூணாவது மாடி பேச்சியம்மா குரல் அஞ்சு வருஷமா ஆம்பளைக் குரல் மாதிரிதான் இருக்கு, நல்லாத்தான் இருக்கா, போன மாசம் பேத்திக்குக் காது குத்துனா. சேலைக்காரிக்குக் குரல் போறதும் சமையக்காரிக்குக் கை சுடுறதும் ஒண்ணுதான்னு அவதான் சொல்லுவா. பனங்கற்கண்டு போட்டுப் பால் குடிச்சேன். மிளகு மென்னேன். தீபாவளி வியாபாரம் முடியட்டும்னேன், பொங்கல் முடியட்டும்னேன். பேசாம இருந்தா சரியாயிரும்னு இவ அப்பா சொன்னாக. பேசாம இருந்தா யாரு சேலை விக்கிறது, யாரு நோட்டு வாசிக்கிறது. பத்து மாசம். பத்து மாசம் கழிச்சு இதே ஊருல, போட்டி நடக்குற இந்தப் பள்ளிக்கூடத்துலருந்து ரெண்டு கிலோமீட்டர்ல, அந்த டாக்டர் கம்பியில சின்ன விளக்கைக் கட்டி மூக்கு வழியா உள்ள விட்டுப் பாத்தார். பாத்துட்டு ரொம்ப நேரம் எழுதினார். புகையிலை போடுவீங்களாம்மான்னார். இல்லைங்கன்னேன். சில பேருக்கு அதெல்லாம் இல்லாமலும் வரும்னார். கூட வந்த அவுகதான் கேட்டாக, என்ன சார் வருமுன்னு.

பத்தொன்பதாம் நம்பர் எந்திரிச்சிருச்சு. கண்ணாடி போட்ட ஒல்லிப் பிள்ளை. வார்த்தை சொல்றவரு சொல்றாரு. அவரு குரல் எவ்வளவு நல்ல குரல், வெண்ணெய் மாதிரி, ஒரு பிசிறு இல்ல. அந்தக் குரலை வச்சுக்கிட்டு மனுஷன் வேற என்ன வேலை பாப்பாரு, வீட்டுல கத்துவாரா. எனக்கும் ஒரு காலத்துல நல்ல குரல்தான். கீழ்மாடியில நின்னு கூப்பிட்டா மேல்மாடியில கேக்கும்னு முதலாளியே சொல்லுவார். குரல்வளையை முழுசா எடுத்தாகணும்மான்னு டாக்டர் சொன்னப்ப, எடுத்துட்டு வேற வைப்பீங்களான்னு கேட்டேன். பல்லு கட்டுற மாதிரி நெனச்சுட்டேன். அவரு சிரிக்கல. கழுத்துல ஒரு துளை இருக்கும், மூச்சு அது வழியாத்தான், பேச்சு வராது, ஆறேழு மாசம் கழிச்சுக் கருவி வச்சுப் பழகலாம், அது வேற மாதிரி குரலா இருக்கும்னார். அவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. எனக்கு என்ன தோணுச்சோ, ம் கூட வராதா டாக்டர்னு கேட்டேன். அவருக்குப் புரியல. எதும்மா? ம், டாக்டர், ம், வாயத் தொறக்காமச் சொல்றது. அவரு பேனாவை மூடி வச்சுட்டு என்னையே பாத்தார். அதுவும் அங்கருந்துதாம்மா வருதுன்னார். வாயத் தொறக்காமச் சொல்ற ஒண்ணே ஒண்ணு, அதுகூட மிஞ்சாதான்னு எனக்குக் கோவம் வந்துருச்சு. யாரு மேல கோவம்னு தெரியல. அந்த வாரமே பண்ணிரலாம்னார். போட்டி இருக்கு சார், ஞாயித்துக்கிழமைன்னேன். யாருக்குப் போட்டின்னார். எனக்குத்தான்னு சொல்லிட்டேன் வாய் தவறி. புதன்கிழமைன்னு எழுதிக் குடுத்தார், அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாதுன்னு கீழ கோடு போட்டு. இப்பக்கூட அவுக அங்கதான் போயிருக்காக, கட்டில் உறுதி பண்ணிட்டு ரிப்போர்ட்டெல்லாம் காமிச்சுட்டு மதியச் சாப்பாட்டுக்குள்ள வந்துருவேன்னு. இலக்கியாகிட்ட ஒரு கூட்டாளியைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனாக. பொய் சொல்லவே தெரியாது அந்த மனுஷனுக்கு, காதெல்லாம் சிவந்துபோச்சு.

அவகிட்ட என்னன்னு சொல்லியிருக்கோம். தொண்டையில சதை வளந்திருக்கு, சின்ன ஆபரேஷன், நாலு நாள்ல வீட்டுக்கு வந்துருவேன்னு. பொய் இல்ல, பாதி. முழுசாச் சொல்லிருவோம்னுதான் மூணு தடவை வாயெடுத்தேன். ஒரு நாள் காலையில நோட்டை மடியில வச்சுட்டு உக்காந்தேன், இன்னிக்குச் சொல்லிரணும்னு. அன்னிக்குப் பாத்து எனக்கு இருமல். இருமி முடிச்சு நிமிர்ந்தா இவ என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. யம்மா, எனக்கு வாசிச்சு வாசிச்சுத்தான் உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சான்னு கேட்டா. கிரைண்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. போடி, உனக்கு வாசிக்கிறதுக்கு முந்தியே நான் கத்தி ஊரைக் கூட்டுறவதானேன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. இனிமே மெதுவா வாசி, எனக்குக் காது நல்லாக் கேக்கும்னா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், போட்டி முடியட்டும்னு. குரல் போயிரும்னு தெரிஞ்சா, அந்த நீள நோட்டுல இருக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் இவதான் என் தொண்டையிலருந்து எடுத்தான்னு நெனச்சுக்குவா. அவ குணம் அப்படி. நாலு வயசுல அவ கையிலருந்து கண்ணாடி டம்ளர் விழுந்ததுக்கு ரெண்டு நாள் சாப்பிடல. ஆனா போட்டி முடிஞ்சா மட்டும் எப்படிச் சொல்லப் போற, செண்பகம். இன்னிக்கு ஞாயிறு. திங்க, செவ்வாய். ரெண்டு நாள்ல வாயால சொல்லணும், அதுக்கப்புறம்னா எழுதித்தான் காட்டணும். பிள்ளைகிட்ட இதை எழுதிக் காட்டவா முடியும்.

டிங். பத்தொன்பது போச்சு. பக்கத்துல உக்காந்திருந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழட்டி முந்தானையால தொடச்சுக்கிட்டே இருக்காங்க. அவங்க கையைப் பிடிச்சேன், சில்லுன்னு இருந்துச்சு. அஞ்சாவது சுத்துங்க, சாதாரணமான்னு சொன்னேன், பாதி காத்துதான் வந்துச்சு. மனசுக்குள்ள ஒரு மூலையில, ஒரு ஆள் கொறஞ்சுதுன்னு ஒரு எண்ணம் ஓடுது பாரு, சீ, என்ன பெறவி நான். அந்தப் பிள்ளையை ஒரு டீச்சர் தோளைப் பிடிச்சுக் கீழ கூட்டிட்டு வர்றாங்க. அந்தப் பிள்ளை அழல. நேரா வந்து அவங்கம்மா மடியில மூஞ்சியை வச்சுருச்சு, கழுத்துல நம்பர் அட்டை மடங்கிக்கிட்டு. இருபத்தேழுன்னு கூப்பிடுறாங்க. எனக்குக் காதுல விழுறதுக்கு முந்தியே இவ எந்திரிச்சுட்டா.

மைக்கு அவளுக்கு உயரம். ஒருத்தர் வந்து எறக்கி வைக்கிறார். யாருக்கோ நன்றி சொல்றா, பழக்கம். கூட்டத்துல என்னையத் தேடுறா, கண்டுபிடிச்சுட்டா, உடனே கண்ணைத் திருப்பிக்கிட்டா, விதி ஞாபகம் இருக்கு, புத்திசாலி. பின்வரிசையில இவ பள்ளிக்கூடத்து ஜெசிந்தா மிஸ் இருக்காங்க. போன இடைவேளையில எங்கிட்ட வந்து, ஏங்க ஒவ்வொரு தடவையும் நடுவுல நடுவுல நின்னுர்றா, வகுப்புல இப்படி நிக்க மாட்டாளே, பெரிய வார்த்தை வந்தா நேரம் பத்தாதுங்கன்னாங்க. என்னாலதான் மிஸ், நான் மெதுவாப் படிக்கிறவ மிஸ்னா சொல்ல முடியும். தெரியலைங்கன்னேன். வார்த்தை சொல்றவரு இப்ப அந்த வெண்ணெய்க் குரல்ல சொல்றாரு. கானசர். இது எனக்குத் தெரிஞ்ச வார்த்தை. கானசர். நோட்டுல நடுப்பக்கத்துக்குக் கொஞ்சம் முந்தி, மஞ்சக் கறை பட்ட பக்கம். அது பிரெஞ்சு வார்த்தையாம், எழுதுற மாதிரி சொல்ல மாட்டாங்களாம். அன்னிக்கு அர்த்தம் கேட்டேன். ஒரு பொருளைப் பாத்த உடனே அதோட தரத்தைச் சொல்லத் தெரிஞ்சவங்கன்னா. தொட்டுப் பாத்தே இது என்ன நூலு, என்ன கலப்புன்னு நான் சொல்லுவேனேன்னேன். அப்ப நீ சேலையில கானசர்மான்னு சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சா. அடுத்த நாள் கடையில பேச்சியம்மாகிட்டச் சொல்லிக்கிட்டேன், நான் யாரு தெரியுமான்னு. நான்தான்டி அந்த வார்த்தை, மறந்துறாத. அவ அர்த்தம் கேக்கல. தெரியும் அவளுக்கு. உதட்டோரம் லேசாச் சிரிக்கிறா.

"சி ஓ என்."

நிறுத்திட்டா. தலை சாயுது, இடது பக்கம், அவுந்த சடை தோள்ல விழுது. நிக்காதட்டி, மேல போ. இங்க எதுவும் வராது. எனக்குத் தொண்டைக்குள்ள அது தயாரா வந்து நிக்குது, ம், சின்னதா, மிட்டாய்க்கும் நாக்குக்கும் பின்னால. பத்து வரிசை தாண்டி அவளுக்குக் கேக்காது. கேக்கும். கிரைண்டர் சத்தத்துலயே கேட்ட காது அது. இந்த ஹால்ல ஈ பறந்தா கேக்கும், பச்சைச் சேலைக்கும் கேக்கும். நான் முந்தானையைச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சேன். சொன்னா இவ போட்டி இங்கயே முடிஞ்சுது, சொல்லாட்டி இவ நிக்கிறா. மூணு நாள் கழிச்சு எப்படியும் நிக்கத்தானே போறா, இதே மாதிரி தலையைச் சாய்ச்சுக்கிட்டு, கிரைண்டரை நிறுத்திட்டாக்கூட ஒண்ணும் கேக்காது. அப்ப என்ன செய்வா. இப்ப என்ன செய்றா. எத்தனை நொடி ஆச்சு. இன்னும் நிக்கிறா. வார்த்தை சொல்றவரு மூக்குக் கண்ணாடிக்கு மேல பாக்குறாரு. தொடருங்கன்னு மெதுவாச் சொல்றாரு. அவ மைக்கைப் பாக்குறா.

"ம்."

அவதான் சொன்னா. மைக்குக்குள்ள, தனக்குத் தானே. ஹால் முழுக்க அது கேட்டுது. முன்வரிசையில நாலஞ்சு பேரு சிரிச்சாங்க, கேலியாச் சிரிக்கல, பிள்ளைங்களைப் பாத்துச் சிரிப்பாங்களே அப்படி. அது என் ம். கொஞ்சம் இழுத்து, கடைசியில லேசா எறங்கி, பத்து மாசத்துக்கு முந்தி நல்லா இருந்த என் குரல்ல, அப்படியே. இவகிட்ட இது இருக்கா. எத்தனை நாளா வச்சிருக்கா.

"என் ஓ ஐ. ம்."

அப்படித்தான். அப்படித்தாண்டி என் தங்கம். இன்னும் அஞ்சு எழுத்து. அடுத்த மூணுல கவனம், அன்னிக்கு மாவுக் கையோட நான் ரெண்டு தடவை சும்மா இருந்த இடம் அதுதான், எஸ் ரெண்டு, ரெண்டு வரும், மறந்துறாத.

"எஸ் ஈ யு."

ஒரு எஸ்தான் வந்துச்சு. இப்ப நான் சும்மா இருக்கணும், நான் சும்மாதான் இருக்கேன், கேக்குதாட்டி, நான் சும்மா இருக்கேன். நில்லு. தப்பான்னு கேளு. கேட்டு மட்டும் என்ன, மாத்த முடியாது.

"ம்," அப்படின்னா அவ. "ஆர்."

டிங்.

தப்பான எழுத்துக்கு ஒரு ம். ஆறு மாசத்துல முதல் தடவை. நான் இருந்தா சொல்லியிருக்க மாட்டேன், நான் இங்கதானே இருக்கேன், பத்தாவது வரிசையில, வாயில துணியோட. ஜனங்க கை தட்டுறாங்க, தோத்த பிள்ளைக்குக் கொஞ்சம் கூடவே தட்டுவாங்க. வார்த்தை சொல்றவரு சரியான எழுத்தை ஒவ்வொண்ணாச் சொல்றாரு. அவ அதைத் தலையாட்டிக் கேட்டுட்டு உள்ளங்கையில விரலால ஒரு தடவை எழுதிப் பாத்துக்கிறா. டீச்சர் வந்து தோளைத் தொடவும் படியெறங்கி வர்றா. அழுவாளோன்னு பாத்தேன். இல்ல. கூர்ந்து எதையோ யோசிச்சுக்கிட்டே வர்றா, கணக்குல விடை தப்பா வந்தா எந்த வரியில விட்டோம்னு தேடுவாளே, அந்த மூஞ்சி. திருச்சிக்காரம்மா எந்திரிச்சு எடம் விடுறாங்க. அஞ்சாவது இடம்மா, எவ்வளவு பெரிய விஷயம்னு அவ கன்னத்தைத் தொடுறாங்க. தேங்க்ஸ் ஆன்ட்டிங்கிறா. எம்பக்கத்துல உக்காந்துட்டா. மேடையில முப்பத்திமூணைக் கூப்பிடுறாங்க. நான் அவ சடையை அவுத்து மறுபடி பின்ன ஆரம்பிச்சேன், கைக்கு வேற வேலை தெரியல.

"யம்மா, அந்த இடத்துல எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. இருந்தும் ம் போட்டுட்டேன்."

"விடுட்டி."

"நீயா இருந்தா போட்டுருக்க மாட்டல்ல."

ரப்பர் பேண்டை ரெண்டு சுத்துச் சுத்தினேன். வலிக்குதுன்னு சொல்லல இந்தத் தடவை. அவ மெதுவாத் திரும்பி என்னையப் பாத்தா. அவ அப்பா கண்ணு அவளுக்கு, ஒரு பொருள் எங்க இருக்குன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் விடவே விடாது.

"அப்பா ஆஸ்பத்திரிக்குத்தானே போயிருக்காக."

கேள்வியாக் கேக்கல. நான் அவ கழுத்துல மடங்கிக் கெடந்த அட்டையை நேரா எடுத்துவிட்டேன். இருபத்தேழு. அட்டைக் கயிறு வேர்வையில நனைஞ்சிருக்கு.

"புதன்கிழமைக்கு அப்புறம், தொண்டை ஆறுனதும், நீதானே வாசிப்ப?"

தலை சாஞ்சுது. இடது பக்கம். எனக்கு எம்புட்டு ஆசை அந்த ஒரு சத்தத்தைச் சொல்லிரணும்னு. வாயக்கூடத் தொறக்க வேண்டாம். கடையில ஆயிரம் தடவை சொன்னவதானே நீ, இன்னும் ஒண்ணு சொன்னா என்ன, பிள்ளை ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்குமே. முப்பத்திமூணாம் நம்பர் எழுத்து எழுத்தாச் சொல்லிக்கிட்டு இருக்கு, எங்கயோ தூரத்துல கேக்குது. நான் சும்மா இருந்தேன். அவ காத்திருந்தா. காலையில ஆறு மணிக்குக் காத்திருக்கிற மாதிரியே, அவசரமில்லாம. அவ கண்ணு லேசா நனைஞ்சுது, ஆனா எம்மேலருந்து எடுக்கல.

"தப்பா?"

"ம்."

அவ என் கையை எடுத்து அவ மடியில வச்சுக்கிட்டா. மேடையில என்னமோ கைதட்டல், அடங்கிருச்சு. அப்புறம் நாற்காலியை எம்பக்கம் நகட்டி, அவ காதை என் வாய்க்கிட்டக் கொண்டுவந்தா.

"அப்ப முதல்லருந்து சொல்லும்மா. மெதுவா. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

முதல்லன்னா எது. ஆடித் தள்ளுபடியா, பனங்கற்கண்டா, கம்பி விளக்கா. முதல்ல சொல்ல வேண்டியது ஒண்ணுதான். உன்னால இல்ல, இலக்கியா, அப்படின்னேன். அதுக்கே மூச்சு வாங்குச்சு, மூணு வார்த்தைக்கு மேல ஒரு மூச்சுல வரல. அவ தலையைச் சாய்ச்சுக்கிட்டுக் கேட்டா.

"ம்," அப்படின்னா.

நான் அடுத்த மூணு வார்த்தையைச் சொன்னேன்.